'ஹேப்லெஸ்' தாத்தா: துரதிர்ஷ்டத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களை எந்த வாக்கியத்தில் வைப்பது?

ரோஸ்ஹில்_தாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் எழுதிய ஆங்கிலக் கட்டுரையில் ஒரே ஒரு சொல்லின் கீழ் ஆசிரியர் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறியை மட்டும் வைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். கட்டுரை 2024 ஜனவரியில் எங்கள் மொரீஷியஸ் தீவுக்கு வந்த பெலால் புயலைப் பற்றியது. லா மாரியில் என் மாமனார் வைத்திருந்த பொம்தாமூர் தோட்டம், அதாவது தமிழ்நாட்டு நண்பர்கள் தக்காளித் தோட்டம் என்பார்களே, அது அந்தப் புயலில் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. அதைத்தான் என் மகள், "மை ஹேப்லெஸ் கிராண்ட்ஃபாதர் லாஸ்ட் ஆல் ஹிஸ் டொமேட்டோஸ்" என்று எழுதியிருந்தாள். 'ஹேப்லெஸ்' என்ற சொல்லுக்குத்தான் அந்த இரண்டு கோடும்.

வகுப்பில் வேறு எவருக்கும் தெரியாத சொல்லாக இருக்கட்டும் என்று, ஒத்த சொற்களின் அகராதியில் 'அன்லக்கி' என்ற பக்கத்தைத் திறந்து அதிலிருந்து பொறுக்கி எடுத்தேன் என்கிறாள். நானும் அகராதியைப் பார்த்தேன். துரதிர்ஷ்டம் பிடித்த, அதிர்ஷ்டமற்ற என்றுதான் போட்டிருக்கிறது. வீட்டில் நாங்கள் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் 'மல்சான்ஸ்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பேசிவிடுவோம். அப்படியிருக்க, இந்த வாக்கியத்தில் பிழை எங்கே இருக்கிறது என்று அவளுக்கு என்னால் விளக்க முடியவில்லை. தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற_சாக்பீஸ் எழுதியது:

அம்மா, உங்கள் மகளின் வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. அந்தக் கேள்விக்குறியை வைத்த ஆசிரியரின் மனத்தில் ஓடியது அநேகமாக, "உன் தாத்தா அப்படிப்பட்டவரா?" என்ற கேள்வியாகத்தான் இருந்திருக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதே பாடத்தை நடத்தியவன் என்பதால், அவர் எழுதாமல் விட்டதை நான் எழுதிப் பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் இந்தத் தீவில் பாதி வீடுகளில் இங்கிலாந்துக் கால்பந்துதான் ஓடுகிறது; அதையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் முப்பது கெஜத்திலிருந்து உதைத்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே போகிறது. வர்ணனையாளர் உடனே "அன்லக்கி" என்று கத்துவார். அந்தச் சொல்லுக்குள் பாதிக்கு மேல் பாராட்டு இருக்கிறது: உதைத்தவன் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்துவிட்டான், கம்பம்தான் குறுக்கே நின்றது என்று பொருள். அதே ஆட்டத்தில் எதிர்ப்பக்கக் கோல்காவலர் ஐந்து கோல்களை விட்டுக்கொடுத்து, ஆறாவதற்கு எந்தப் பக்கம் பாய்வது என்று தெரியாமல் நடுவில் நின்றுகொண்டிருந்தால், மறுநாள் செய்தித்தாள் அவரைத்தான் 'ஹேப்லெஸ்' என்று எழுதும். கெட்ட நேரம் அவருக்கும்தான். ஆனால் அந்தச் சொல் கெட்ட நேரத்தோடு நிற்காமல், கையறு நிலையையும், கொஞ்சம் பரிதாபத்தையும், வெளியே காட்டிக்கொள்ளாத ஒரு சிரிப்பையும் சேர்த்துக்கொள்கிறது. தமிழில் "அந்த அப்பாவி மனுஷன்" என்று சொல்லும்போது உதட்டோரம் ஒரு நெளிவு வருமே, ஏறக்குறைய அதுதான்.

நம் தீவிலேயே இந்தச் சொல்லுக்குப் பொருத்தமான ஓர் உயிர் இருந்தது. 1598-இல் டச்சுக்காரர்கள் வந்து இறங்கியபோது டோடோ என்ற பறவைக்கு அவர்களிடம் பயம் இல்லை, பறக்கச் சிறகில்லை, தரையில் இட்ட முட்டையைக் கப்பலில் வந்த எலியிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் காக்க வழியும் இல்லை. அதை உயிரோடு கடைசியாகப் பார்த்ததாகப் பலரும் ஒப்புக்கொள்வது 1662-ஆம் ஆண்டில். ஆங்கிலத்தில் 'ஹேப்லெஸ் டோடோ' என்று எழுதினால் எவரும் சிவப்புக் கோடு போடமாட்டார்கள். உங்கள் மாமனார் டோடோவா அம்மா? அதை மட்டும் மகளிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்விக்குறி எழுதியது:

ஐயா சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் நான் வைத்திருக்கும் அகராதியில் இந்த வேறுபாடு எதுவும் இல்லை. 'ஹேப்லெஸ்' என்றால் 'அன்லக்கி', 'அன்லக்கி' என்றால் 'அன்ஃபார்ச்சுனேட்', 'அன்ஃபார்ச்சுனேட்' என்றால் மறுபடியும் 'ஹேப்லெஸ்' என்று வட்டமாகத்தான் சுற்றிக் காட்டுகிறது. அகராதியில் இல்லாத வேறுபாட்டை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எங்கே போய்த் தேடும்? அதற்குச் சிவப்புக் கோடு போட்டது அநியாயம் என்பதே என் கருத்து.

அகராதிப்பித்து எழுதியது:

அகராதியைக் குறை சொல்ல வேண்டாம். பொருள் தரும் வரியோடு நின்றுவிடாமல் சொல் பிறந்த கதையையும் படித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

'ஹேப்லெஸ்' என்பதில் இருக்கும் 'ஹேப்' பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல். தற்செயலாக வாய்ப்பது, நல்ல வாய்ப்பு என்று பொருள். 'ஹேப்பன்', 'பெர்ஹேப்ஸ்', 'மிஸ்ஹேப்', 'ஹேப்ஹஸார்ட்' எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். 'ஹேப்பி' கூட அந்த வீட்டுப் பெண்தான். முதலில் அதிர்ஷ்டம் வாய்த்தவள் என்று பொருள்பட்டு, பிறகுதான் மகிழ்ச்சியானவள் என்று ஆயிற்று. ஆகவே 'ஹேப்லெஸ்' என்பவன், உலகில் தற்செயலாக விழும் நல்லதில் தன் பங்கு எதுவும் வாய்க்காதவன். தமிழில் 'கொடுத்து வைக்காதவன்' என்கிறோமே, அதை நினைத்துக்கொள்ளலாம்.

'அன்ஃபார்ச்சுனேட்' உரோமர்களின் ஃபார்ச்சுனா என்ற தேவதையிடமிருந்து வருகிறது. 'இல்ஸ்டார்ட்' என்பது வெளிப்படையாகவே கெட்ட நட்சத்திரத்தில் பிறந்தது என்று சொல்கிறது. 'டிஸாஸ்டர்' என்ற சொல்லின் வயிற்றுக்குள்ளும் ஒரு நட்சத்திரம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது 'டிஸ்மல்'. இன்றைக்கு அது மந்தமான, சோர்வூட்டும் என்ற பொருளில் மழைநாளுக்கும் தேர்வு முடிவுக்கும் வழங்குகிறது. ஆனால் பிறந்தபோது அது பெயரடையே அன்று. லத்தீனில் 'கெட்ட நாட்கள்' என்ற தொடரிலிருந்து பிறந்த பெயர்ச்சொல். இடைக்கால ஐரோப்பிய நாட்காட்டிகளில் மாதத்திற்கு இரண்டாக ஆண்டுக்கு 24 நாட்களைக் குறித்து வைத்து, அந்த நாட்களில் புதிய காரியம் தொடங்கமாட்டார்கள். நம் பஞ்சாங்கத்தில் ஒவ்வொரு மாதத்துக்கும் கரிநாள் குறித்திருப்பதை அறிந்தவர்களுக்கு இது வேற்று ஊர்க் கதையாகவே தோன்றாது. கரிநாளில் கல்யாணம் பேசப் போகாத என் பாட்டியார், தாம் 'டிஸ்மல்' பார்த்துக்கொண்டிருந்ததாக அறிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

நம்முடைய 'அதிர்ஷ்டம்' மட்டும் என்ன? வடமொழியில் 'அத்ருஷ்டம்' என்றால் கண்ணால் காணப்படாதது. நல்லதும் கெட்டதும் அதற்குள் அடங்கும். தமிழில் அது நல்லதன் பக்கம் சாய்ந்துவிட்டதால், கெட்டதற்கு முன்னால் 'துர்' என்ற ஒட்டைச் சேர்க்க வேண்டியதாயிற்று. இப்போது ஆங்கிலத்தில் எந்தச் சொல் வந்தாலும் அதன் தலையில் 'துரதிர்ஷ்டவசமான' என்ற ஒரே தொப்பியைக் கவிழ்த்துவிடுகிறோம். கேள்விக்குறி அவர்கள் கண்ட வட்டம் அந்தத் தொப்பியின் வட்டம்தான்.

மயேபூர்க்காரன் எழுதியது:

இந்தச் சொற்களில் 'இல்ஃபேட்டட்', அதாவது கெட்ட விதி வாய்த்த, என்ற சொல்லை யாரும் இன்னும் தொடவில்லை. அதைப் பற்றி எனக்கு நீண்ட நாளாக ஒரு மனக்குறை உண்டு.

2020 ஜூலை 25-ஆம் தேதி வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் பாய்ன்ட் தெஸ்னிக்கு எதிரே உள்ள பவளப்பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6-ஆம் தேதி எண்ணெய் கசியத் தொடங்கி, சுமார் ஆயிரம் டன் எங்கள் கடலில் கலந்தது. 15-ஆம் தேதி கப்பல் இரண்டாகப் பிளந்தது. ஊரே கரும்புச் சருகைத் துணிப்பைகளில் திணித்துத் தைத்துக் கடலில் மிதக்கவிட்டு எண்ணெயைத் தடுக்கப் பார்த்தது. நானும் தைத்தேன், அந்த வாரம் முழுவதும் விரலிடுக்கில் இருந்த கறுப்பு, சோப்புக்கும் போகவில்லை, மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை.

அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் படித்த கட்டுரைகளில் அதை 'இல்ஃபேட்டட் ஷிப்' என்று எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. கப்பலுக்கு என்ன தலைவிதி? அது கரையை ஒட்டி வந்தது, பாறையில் ஏறியது. தலைமை மாலுமியும் அவருக்கு அடுத்த அதிகாரியும் குற்றவாளிகள் என்று 2021 டிசம்பரில் இங்குள்ள நீதிமன்றமே தீர்ப்பளித்து ஆளுக்கு 20 மாதம் தண்டனை விதித்தது. மனிதர் செய்த தவற்றை விதியின் கணக்கில் எழுதுவதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரடை தயாராக இருக்கிறது என்பதுதான் எனக்குப் புரிந்த பாடம்.

ஓய்வுபெற்ற_சாக்பீஸ் எழுதியது:

உங்கள் எரிச்சல் நியாயமானதே. ஆனாலும் 'இல்ஃபேட்டட்' என்ற சொல் செய்யும் வேலையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

அந்தச் சொல்லை முடிவு தெரிந்தவர் மட்டுமே பயன்படுத்த முடியும். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சேன் ஜெரான் கப்பல் 1744 ஆகஸ்டில் நம் வடகிழக்குக் கரையில், இல் தாம்ப்ர் என்ற சிறு தீவுக்கு அருகே பாறையில் மோதி உடைந்தது. அது பிரான்ஸிலிருந்து பாய் விரித்துப் புறப்பட்ட காலையில் அதை எவரும் 'இல்ஃபேட்டட்' என்று சொல்லியிருக்க முடியாது. இன்று நாம் பின்னால் திரும்பிப் பார்த்து, அந்தக் காலையின் மீதே அந்தச் சொல்லை ஒட்டுகிறோம். 1987 நவம்பர் 28 அன்று தைப்பேயிலிருந்து நம் பிளேசான்ஸ் விமான நிலையத்தை நோக்கி வந்து, வழியில் கடலில் விழுந்து 159 பேரைக் கொண்டுபோன ஹெல்டர்பர்க் விமானத்தையும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பயணம், கப்பல், விமானம், திட்டம், படையெடுப்பு, சில வேளைகளில் திருமணம் என்று, ஒரு நாள் தொடங்கி ஒரு முடிவை நோக்கிப் போகிற எதற்கும் அது பொருந்தும். தக்காளிச் செடிக்குப் பொருந்தாது. காலையில் பேருந்தைத் தவறவிட்டவனுக்கும் பொருந்தாது. பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்குமே தவிர, "தி ஷிப் வாஸ் இல்ஃபேட்டட்" என்று வாக்கியத்தின் கடைசியில் கொண்டுபோய் வைத்தால் காதுக்குச் சற்று இடறும்.

'டூம்ட்' இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது. அழிவு இனிமேல்தான் வரப்போகிறது, ஆனால் தப்ப வழியில்லை என்று இப்போதே தெரிந்தால் அந்தச் சொல். இரண்டையும் மாற்றிப் போடுகிற மாணவர்கள் ஆண்டுதோறும் பத்துப் பேராவது என் வகுப்பில் இருந்தார்கள்.

ஒரு சிறு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மெய்யாகவே உயிர்கள் போன நிகழ்ச்சியில் இறந்தவர்களை 'ஹேப்லெஸ்' என்று எழுதாமலிருப்பது நல்லது. அந்தச் சொல்லில் ஒளிந்திருக்கும் சிரிப்பு அங்கே வந்தால் பொறுக்க முடியாது.

மயேபூர்க்காரர் சொன்ன பொறுப்புத் துறக்கும் குணம் 'அன்ஃபார்ச்சுனேட்' என்ற சொல்லில்தான் அதிகம். 'அன்ஃபார்ச்சுனேட் இன்ஸிடென்ட்' என்று அறிக்கையில் எழுதிவிட்டால் யார் செய்தார் என்ற இடம் காலியாகவே இருக்கும். அதற்குத் தமிழ்ப் பத்திரிகைகள் நெடுநாளாகவே ஒரு சரியான இணையைக் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன: 'விரும்பத்தகாத சம்பவம்'. யார் விரும்பவில்லை, யார் நடத்தினார் என்று இரண்டுமே அதில் தெரியாது.

கடைசிப்பந்தி எழுதியது:

நான் வழக்கமாக இங்கே படிப்பதோடு நின்றுவிடுகிறவள். ஆனால் 'அன்லக்கி' எளிய சொல், அதில் தவறே நேராது என்பது போல எல்லோரும் கடந்து போவதால் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பத்தில் ஒரு திருமணம். கூறைப்புடவைத் தட்டைப் பெரியவர்களிடம் காட்டி ஆசி வாங்கிக்கொண்டு வந்தபோது, கணவரை இழந்த என் சின்னம்மா, தட்டு தம்மிடம் வருவதற்கு முன்பே இரண்டடி பின்வாங்கித் தூணோரம் நின்றுகொண்டார். தொட வேண்டாம் என்று எவரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. மாப்பிள்ளையோடு வேலை செய்யும் இங்கிலாந்துப் பெண் ஒருவர் இதைக் கவனித்து, அவர் ஏன் வரவில்லை என்று கேட்டார். பக்கத்திலிருந்த உறவினர் ஒருவர் கொஞ்சமும் யோசிக்காமல், "ஷி இஸ் அன்லக்கி" என்றார்.

அந்தப் பெண் என்ன செய்தார் தெரியுமா? நேராகச் சின்னம்மாவிடம் போய் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் ஏதோ ஆறுதல் சொல்லி, அவரைக் கட்டியணைத்துக்கொண்டார். அவர் காதில் விழுந்தது 'இவருக்குக் கெட்ட காலம் நேர்ந்தது' என்ற செய்தி. உறவினர் சொல்ல நினைத்தது 'இவர் ராசியில்லாதவர், இவரால் மற்றவர்களுக்குக் கெட்ட காலம் நேரும்' என்பது. ஒரே சொல், ஒருவருக்கு அது இரக்கம், மற்றவருக்கு அது விலக்கு. சின்னம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. அந்த அணைப்பு எதற்கு என்று இன்றுவரை வியந்துகொண்டிருக்கிறார், நாங்களும் விளக்கவில்லை.

'அன்லக்கி நம்பர்' என்றால் பதின்மூன்றுக்கு ஏதும் கெடுதல் நேர்ந்துவிட்டது என்று பொருளில்லை. அது கெடுதலைக் கொண்டுவரும் என்று பொருள். 'அன்லக்கி மேன்' என்றால் கெடுதல் அவனுக்கு நேர்ந்தது. எண்ணுக்கும் நாளுக்கும் பொருளுக்கும் ஒரு திசை, மனிதனுக்கு வேறொரு திசை. தமிழில் இந்த இரண்டு திசைக்கும் தனித்தனிச் சொல் உண்டு: ராசியில்லாத எண், நேரம் சரியில்லாத ஆள். நாம் செய்யும் கொடுமை, முதல் சொல்லை எடுத்து மனிதர் மேல், அதுவும் பெரும்பாலும் பெண்கள் மேல், வைப்பது. நல்லவேளையாக ஆங்கிலத்தின் 'அன்லக்கி' அந்தக் கொடுமையைத் தாங்கிச் செல்ல மறுத்துவிட்டது. அதைத்தான் சொல்ல வேண்டும் என்று ஒருவர் அடம்பிடித்தால் 'ஜிங்ஸ்' என்ற சொல்லைத் தேடிப் போக வேண்டும்.

கேள்விக்குறி எழுதியது:

கடைசிப்பந்தி அம்மா எழுதியதைப் படித்தபின், அகராதியை வைத்துக்கொண்டு நான் போட்ட சண்டையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எண்ணுக்கும் ஆளுக்கும் உள்ள அந்தத் திசை வேறுபாட்டை இத்தனை ஆண்டுகளில் நான் ஒருமுறைகூடக் கவனித்ததில்லை.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். திருக்குறளின் 618-ஆவது குறளில் 'பொறியின்மை' என்ற சொல் வருகிறது. நல்ல ஊழ் இல்லாமை என்று பொருள். அது எவருக்கும் பழி ஆகாது, அறிய வேண்டியதை அறிந்து முயலாமையே பழி என்கிறது அந்தப் பாட்டு. சாக்பீஸ் ஐயா சொன்ன 'அன்லக்கி'க்கும் 'ஹேப்லெஸ்'ஸுக்கும் நடுவிலுள்ள கோடு ஏறக்குறைய அதுதானே? முன்னதில் பழி இல்லை. பின்னதில் பழி என்று சொல்ல முடியாவிட்டாலும் அதன் நிழல் கொஞ்சம் விழுகிறது.

ரெயூனியன்_வாசி எழுதியது:

பக்கத்துத் தீவிலிருந்து வணக்கம். பெலால் எங்களை முதலில் அடித்துவிட்டுத்தான் உங்களிடம் வந்தது. அந்த ஜனவரி 15 காலையில் ஊதா எச்சரிக்கை விடுத்து எங்களை வீட்டுக்குள் பூட்டிவிட்டார்கள்.

ஆங்கிலம் எனக்கு மூன்றாவது மொழி. பிரெஞ்சில் இந்தச் சிக்கல் வேறு விதமாக வரும். 'மலெரோ' என்ற ஒரே சொல் மகிழ்ச்சியற்றவனையும் குறிக்கும், துரதிர்ஷ்டம் பிடித்தவனையும் குறிக்கும். அதையே ஒரு யூரோ நாணயத்துக்கு முன்னால் போட்டால், "போயும் போயும் ஒரு யூரோ" என்று ஆகிவிடும். 'போவ்ர்' என்ற சொல் இன்னும் வேடிக்கையானது: 'போவ்ர் ஓம்' என்று ஆளுக்கு முன்னால் வைத்தால் ஐயோ பாவம், அந்த மனிதர், 'ஓம் போவ்ர்' என்று பின்னால் வைத்தால் கையில் காசில்லாதவர். இரக்கமும் வறுமையும் ஒரே சொல்லின் இரண்டு பக்கங்கள். இடத்தை வைத்துத்தான் எது என்று அறிய வேண்டும்.

டர்பன்_அக்கா எழுதியது:

இங்கே தென்னாப்பிரிக்காவில் எங்கள் பிள்ளைகள் இந்தப் பட்டியலில் எதையும் தேடுவதில்லை. யாருக்குத் துன்பம் நேர்ந்தாலும் 'ஷேம்' என்பார்கள். வெட்கம் என்ற பொருளே அதில் இருக்காது. ஐயோ பாவம் என்பதுதான் அதன் பொருள். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன தம்பி ஒருவன், கால் முறிந்த மேலாளரைப் பார்த்து நல்லெண்ணத்தோடு 'ஷேம்' என்று சொல்லிவிட்டு, அவர் முகம் ஏன் கறுத்தது என்று எனக்குத் தொலைபேசியில் கேட்டான்.

ஓய்வுபெற்ற_சாக்பீஸ் எழுதியது:

ரெயூனியன் நண்பர் சொன்னதிலேயே ரோஸ்ஹில் அம்மாவின் மகளுக்கு வேண்டிய விடை இருக்கிறது. ஒரு பேத்தி தன் தாத்தாவுக்கு நேர்ந்ததை ஆங்கிலத்தில் சொல்லும்போது, அந்த மொழியில் பிறந்து வளர்ந்த பிள்ளை எழுதக்கூடிய சொல் 'புவர்' என்பதே. "மை புவர் கிராண்ட்ஃபாதர்." ஐந்து வயதுப் பிள்ளையும் எழுதும், எண்பது வயதுக் கவிஞரும் எழுதுவார். அகராதியில் 'அன்லக்கி' பக்கத்தில் அது இருக்காது என்பதால்தான் கண்ணில் படவில்லை. நம்முடைய 'பாவம்' என்ற சொல்லும் அப்படித்தான். தீவினை என்ற பொருளில் ஏட்டில் இருந்த சொல், தெருவில் இறங்கி வந்து இரக்கமாக மாறி, இன்று "பாவம் தாத்தா" என்று யார் வாயிலும் வருகிறது.

இன்னொன்றும் நெடுநாளாக என் மனத்தில் இருக்கிறது. துரதிர்ஷ்டத்தைத் தமிழர் பேசும்போது பெயரடையைத் தேடுவதே அரிது. நேரம் சரியில்லை, காலம் கூடி வரவில்லை, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை, ஏழரை பிடித்து ஆட்டுகிறது என்று, எல்லாவற்றையும் வினையாகவும் நேரமாகவும் வைத்துக்கொள்கிறோம். நேரம் என்றால் அது போய்விடும். ஆங்கிலம் அதையே பெயரடையாக்கி ஆளின் சட்டையில் பொத்தான் போலத் தைத்துவிடுகிறது. அதனால்தான் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் மாணவர், "என் தாத்தாவுக்கு நேரம் சரியில்லை" என்று மனத்தில் நினைத்ததை எழுத ஒரு பெயரடையைத் தேடிப் போய், தாத்தாவின் குணத்தையே மாற்றி எழுதிவிட்டு வருகிறார். "ஹி ஹேட் பேட் லக் தட் இயர்" என்று ஒரு பெயர்ச்சொல்லை வைத்து எழுதினால், அந்த ஆண்டு முடிந்தவுடன் துரதிர்ஷ்டமும் முடிந்துவிடும். தேர்வில் இதற்கு மதிப்பெண் குறைய வாய்ப்பே இல்லை.

ரோஸ்ஹில்_தாய் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை மகளை உட்காரவைத்து இந்த உரையாடல் இழை முழுவதையும் வாசித்துக் காட்டினேன். டோடோ வந்த இடத்தில் அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

'புவர்' என்ற சொல் தனக்குத் தெரியாததல்ல என்றாள். முதலில் அதைத்தான் எழுதியிருந்தாளாம். பிறகு, தாத்தாவுக்கு வீடும் நிலமும் வண்டியும் இருக்கும்போது அவரை ஏழை என்று எழுதினால் பொய்யாகிவிடுமே என்று அடித்துவிட்டுத்தான் அகராதியைத் திறந்திருக்கிறாள். கிரியோலில் 'மலேரே' என்றால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது காசில்லாதவர்தான் என்பதால், அவள் பயந்ததில் எனக்கு வியப்பில்லை.

இன்று காலை மாமனாரிடமே கேட்டுவிடலாம் என்று லா மாரிக்குப் போனோம். புதிய நாற்றுகளுக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். மகள் வாக்கியத்தை இரண்டு விதமாகவும் படித்துக் காட்டினாள். 'ஹேப்லெஸ்' அவருக்குப் புரியவில்லை. கையறு நிலையில் நின்றவர் என்று நான் விளக்கியதும் கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டுவிட்டார். "கையறு நிலையா? முதல் நாளே மழைக்கு முன்னால் பச்சைக்காயெல்லாம் பறித்துப் பெட்டியில் அடுக்கி வைத்தது யார்? எல்லாம் போயிற்று என்று எழுதியிருக்கிறாளே, அந்தக் காயை நாம் ஒரு மாதம் ஊறுகாய் போட்டுச் சாப்பிடவில்லையா?" என்றார். அதை நாங்கள் இருவருமே மறந்துவிட்டிருந்தோம். பிறகு 'புவர்' என்றோம். அது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கிரியோலின் 'போவ்' போலக் காதில் விழுந்திருக்க வேண்டும். "போவ்வா? சந்தையில் எனக்கு வர வேண்டிய கடன் எத்தனை பேரிடம் நிற்கிறது என்று உன் அப்பாவைக் கேள்" என்றார்.

கடைசியில் சாக்பீஸ் ஐயாவின் வாக்கியத்தைத்தான் எடுத்துக்கொண்டோம். "மை கிராண்ட்ஃபாதர் ஹேட் பேட் லக் தட் ஜனவரி, பட் ஹி ஹேட் பிக்ட் த கிரீன் ஒன்ஸ்" என்று மகள் திருத்தி எழுதியிருக்கிறாள். தமிழில் அதற்கு என்ன பொருள் என்று மாமனார் கேட்டார். "அந்த ஜனவரியில் தாத்தாவுக்கு நேரம் சரியில்லை, ஆனால் பச்சைக்காயை முன்னமே பறித்துவிட்டார்" என்றேன். அது சரி என்று சொல்லிவிட்டு, கீழே போட்ட குச்சியை எடுத்துக்கொண்டு அடுத்த நாற்றுக்குப் போனார்.